நீர்தேங்கிய மண்ணில் வேர்முடிச்சு: தீவனப் பயறினங்களின் நைட்ரஜன் நிலைப்படுத்தல் பற்றிய அறிவு வளர்ந்த வரலாறு

ஆய்வுச் சுருக்கம்

பயறுவகைச் செடிகள் தம் வேர்முடிச்சுகளில் வாழும் நுண்ணுயிரிகளின் துணையுடன் காற்றிலுள்ள நைட்ரஜனைத் தழைச்சத்தாக மாற்றிக்கொள்கின்றன. மண்ணில் நீர் தேங்கும்போது இச்செயல் தடைபடுகிறது என்பது பல செடிகளுக்குப் பொருந்தும். எல்லாச் செடிகளுக்கும் பொருந்தாது. இவ்வேறுபாட்டை அறிவியல் உணர்ந்துகொள்ள ஏறத்தாழ ஒரு நூற்றாண்டு ஆயிற்று. 1886 முதல் 2007 வரை நிகழ்ந்த முதன்மையான ஆய்வுகளைக் கால வரிசையில் இக்கட்டுரை தொகுத்து நோக்குகிறது. மேட்டுநிலச் செடிகளையே மாதிரியாகக் கொண்டதனால் நீர்த்தேக்கம் கேடாக மட்டுமே கருதப்பட்டது என்பதும், ஈரநிலச் செடிகள் ஆய்வுக்கு வந்தபின் அக்கருத்து மாறியது என்பதும் இங்கு நிறுவப்படுகின்றன. நெட்டி, தக்கைப்பூண்டு, அகத்தி ஆகிய தமிழகச் செடிகள் இவ்வரலாற்றில் பெறும் இடமும் சுட்டப்படுகிறது.

திறவுச்சொற்கள்: வேர்முடிச்சு, தண்டுமுடிச்சு, நீர்த்தேக்கம், குளோவர், நெட்டி, தக்கைப்பூண்டு, மணிலா அகத்தி.

1. முன்னுரை

கால்நடைத் தீவனத்தில் புரதம் மிகுந்த பகுதியைத் தருபவை பயறுவகைச் செடிகள். மேய்ச்சல் நிலத்தில் புல்லோடு கலந்து வளரும் இவை கால்நடைக்கு உணவாவதோடு மண்ணின் தழைச்சத்தையும் கூட்டுகின்றன. ஆகவே இவற்றின் வேர்முடிச்சு செயலிழந்தால் இழப்பு இருமடங்காகிறது: தீவனம் குறைகிறது, அடுத்த பயிருக்கு மண்ணில் எஞ்ச வேண்டிய சத்தும் குறைகிறது. மழைக்காலத்தில் நீர் வடியாத தாழ்நிலங்களில் குளோவர், பட்டாணி போன்ற செடிகளின் கீழிலைகள் மஞ்சளித்துப் போவதற்கு இதுவே முதன்மைக் காரணம்.

அதே தாழ்நிலத்தில் நெட்டியும் தக்கைப்பூண்டும் பசுமை மாறாமல் வளர்கின்றன. அவையும் அவரைக் குடும்பத்தைச் சேர்ந்தவை. அவற்றுக்கும் முடிச்சுகள் உண்டு. ஒரே குடும்பத்துச் செடிகளுள் ஒன்று வாட மற்றொன்று செழிப்பதன் காரணம் என்ன என்னும் வினாவுக்கு அறிவியல் விடை கண்ட வழியை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

2. முடிச்சின் பணி அறியப்படுதல்

1838-ஆம் ஆண்டளவில் பிரான்சு நாட்டு வேதியியலாளர் பூசங்கோ, குளோவரும் பட்டாணியும் வளரும்போது நைட்ரஜன் கூடுகிறது என்றும் கோதுமையில் அவ்வாறு கூடுவதில்லை என்றும் கண்டார். இதைச் சரிபார்க்க இங்கிலாந்தின் ரோத்தம்ஸ்டெட் ஆய்வுப் பண்ணையில் லாஸ், கில்பர்ட், பியூ ஆகிய மூவரும் 1857, 1858 ஆகிய ஆண்டுகளில் மிகுந்த கவனத்துடன் சோதனைகள் நடத்தினர். மண்ணில் ஏற்கெனவே இருக்கும் நைட்ரஜன் கணக்கைக் குலைத்துவிடக் கூடாது என்பதற்காக மண்ணைச் சுட்டெடுத்து, கண்ணாடிக் கூண்டுக்குள் செடிகளை வளர்த்தனர். செடிகள் காற்றிலிருந்து நைட்ரஜனைப் பெறவில்லை என்னும் முடிவே கிடைத்தது. மண்ணைச் சுட்டபோது முடிச்சை உண்டாக்கும் நுண்ணுயிரிகளும் அழிந்தன என்பது அன்று அறியப்படவில்லை. சோதனை பிழையின்றி நடந்தது. ஆயினும் சோதனைக்கென அமைத்த சூழலே விடையை மறைத்துவிட்டது. இந்நிலை இவ்வரலாற்றில் பின்னரும் வேறு வடிவில் நேர்கிறது.

1886-இல் பெர்லினில் கூடிய இயற்கை அறிவியலாளர் மாநாட்டில் ஹெல்ரீகல் தம் கண்டுபிடிப்பை அறிவித்தார். மணலில் வளர்த்த பட்டாணிச் செடிகளுக்குச் சிறிதளவு வயல் மண்ணின் கரைசலைச் சேர்த்தால் முடிச்சுகள் தோன்றுகின்றன. செடிகள் நைட்ரஜன் உரமின்றியே செழிக்கின்றன. அவரும் வில்பார்த்தும் இணைந்து எழுதிய முழு அறிக்கை 1888-இல் வெளிவந்தது. அதே ஆண்டில் ஆலந்து நாட்டு அறிஞர் பெயரிங்க் முடிச்சிலிருந்து நுண்ணுயிரியைத் தனியே பிரித்து வளர்த்தார். முடிச்சு என்பது நோய்க்கட்டி அன்று, இரு உயிர்கள் கூடி வாழும் இடம் என்பது இவ்வாறு உறுதியாயிற்று.

3. ஆக்சிஜன் என்னும் இக்கட்டு

நீர்த்தேக்கத்தின் விளைவை விளங்கிக்கொள்ள முடிச்சுக்கும் ஆக்சிஜனுக்கும் உள்ள உறவை முதலில் அறிதல் வேண்டும். நைட்ரஜனை அம்மோனியாவாக மாற்றும் நொதி நைட்ரோஜினேஸ் ஆகும். ஆக்சிஜன் பட்டால் இந்நொதி மீளமுடியாதபடி சிதைகிறது. எனினும் ஒரு நைட்ரஜன் மூலக்கூற்றை மாற்றக் குறைந்தது 16 ஏ.டி.பி. மூலக்கூறுகள் செலவாகின்றன, அவ்வளவு ஆற்றலை ஆக்கச் சுவாசம் வேண்டும், சுவாசத்துக்கு ஆக்சிஜன் வேண்டும். முடிச்சின் உட்பகுதியில் ஆக்சிஜன் மிகுதலும் கூடாது. அதன் வரவு நிற்றலும் கூடாது.

1939-இல் ஜப்பானிய அறிஞர் கூபோ, சோயா முடிச்சின் சிவப்பு நிறம் ஹீமோகுளோபின் வகையைச் சேர்ந்த நிறமியால் ஆனது எனக் காட்டினார். பின்னாளில் லெக்ஹீமோகுளோபின் எனப் பெயர்பெற்ற இந்நிறமி ஆக்சிஜனைப் பற்றிக்கொண்டு, தனித்த ஆக்சிஜனின் அளவு உயராதபடி நுண்ணுயிரிகளிடம் கொண்டுசேர்க்கிறது. முடிச்சின் புறணியில் ஆக்சிஜன் ஊடுருவலைக் கட்டுப்படுத்தும் அடுக்கு ஒன்றும் உண்டு. ஆக்சிஜன் தாராளமாகக் கிடைக்கும் மண்ணில் வரவை அளந்து விடுவதற்கு ஏற்றதாக இவ்வமைப்பு உள்ளது.

மண்ணில் நீர் தேங்கும்போது இந்த ஏற்பாடு குலைகிறது. மண் துகள்களுக்கிடையே காற்று நிறைந்திருந்த வெளிகளை நீர் நிரப்புகிறது. நீரில் ஆக்சிஜன் பரவும் வேகம் காற்றில் பரவும் வேகத்தில் ஏறத்தாழ பத்தாயிரத்தில் ஒரு பங்கே. எஞ்சிய ஆக்சிஜனை வேர்களும் மண் நுண்ணுயிரிகளும் விரைவில் தீர்த்துவிடுகின்றன. அதே நேரத்தில், வேரில் உண்டாகும் எத்திலீன் வளிமம் வெளியேற வழியின்றி வேரைச் சுற்றித் தங்குகிறது; அது புது முடிச்சுகள் தோன்றுவதைப் பெரும்பாலான பயறினங்களில் தடுக்கிறது. மண்ணிலுள்ள நைட்ரேட்டும் காற்றற்ற சூழலில் வளிமமாக மாறி வெளியேறுகிறது. முடிச்சு செயலற்ற வேளையில் மண்ணின் இருப்பும் கரைவதால் செடி இருவழியாலும் பட்டினி கிடக்கிறது.

4. சேதம் அளக்கப்பட்ட காலம்

நைட்ரஜன் நிலைப்படுத்தலை விரைவாக அளக்கும் முறை கிடைக்கும் வரை இவ்விளைவுகளை நாள்கணக்கில் தொடர்ந்து காண இயலவில்லை. செடியை உலர்த்தி அதன் மொத்த நைட்ரஜனைக் கணக்கிடுவதே வழக்கமாயிருந்தது. நைட்ரோஜினேஸ் நொதி அசிட்டிலீனை எத்திலீனாக மாற்ற வல்லது என்பது 1966-இல் வெளிப்பட்டது. இதைக்கொண்டு, வயலில் பறித்த முடிச்சின் செயல்திறனைச் சில மணி நேரத்திலேயே மதிப்பிட முடிந்தது.

இதனைத் தொடர்ந்து 1970-களில் ஆய்வுகள் பெருகின. டண்டீ பல்கலைக்கழகத்தில் ஜேனட் ஸ்பிரென்ட், முடிச்சுகள் நீரின்மைக்கும் நீர்மிகுதிக்கும் எவ்வாறு எதிர்வினை காட்டுகின்றன என ஆராய்ந்தார். மின்சினும் பேட்டும் 1975-இல் பட்டாணியில் நீர், காற்றோட்டம், உப்பு ஆகியவற்றின் விளைவுகளை வெளியிட்டனர். மின்சினும் சம்மர்பீல்டும் அடுத்த ஆண்டில் தட்டைப்பயறு பற்றி எழுதினர். நீர் தேங்கினால் நிலைப்படுத்தல் வீழ்கிறது, அதற்கு ஆக்சிஜன் தட்டுப்பாடே தலையாய காரணம் என்பதே இவ்வாய்வுகளின் பொதுவான முடிவு.

இம்முடிவு சரியானது. ஆயினும் அதற்கு ஆதாரமான செடிகள் பட்டாணி, சோயா, தட்டைப்பயறு போன்ற மேட்டுநிலப் பயிர்களாகும். அவற்றில் கண்ட உண்மை பயறுவகை முழுமைக்கும் உரிய விதியாகப் பாடநூல்களில் இடம்பெறும் சூழல் உருவாயிற்று.

5. மேய்ச்சல் நிலத்தில் ஒரு தேர்வு: ஆஸ்திரேலியக் குளோவர்

ஆய்வுக்கூடம் முடிச்சை அளந்துகொண்டிருந்த காலத்திலேயே மேய்ச்சல் நிலம் வேறொரு வழியில் நீர்த்தேக்கத்தை எதிர்கொண்டது. தெற்கு ஆஸ்திரேலியாவின் மவுண்ட் பார்க்கர் அருகே 1889-ஆம் ஆண்டளவில் ஏமாஸ் ஹோவர்ட் என்னும் பண்ணையாளர், தன் விதைகளைத் தானே மண்ணுக்குள் புதைக்கும் குளோவர் ஒன்றைக் கவனித்தார். 1906-இல் அதன் பயனை நாளிதழ் வாயிலாக அறிவித்தார். மண்ணடிக் குளோவர் எனத்தக்க இச்செடி, சூப்பர்பாஸ்பேட் உரத்துடன் சேர்ந்து தென் ஆஸ்திரேலியப் பகுதிகளின் சத்தற்ற நிலங்களை மேய்ச்சல் நிலங்களாக மாற்றியது. அதன் முடிச்சுகளே அந்நிலங்களுக்குத் தழைச்சத்தின் ஊற்றாயின.

ஆனால் குளிர்கால மழையில் நீர் தேங்கும் தாழ்நிலங்களில் வழக்கமான வகைகள் நலிந்தன. அங்கே நன்கு வளர்ந்தது ‘யார்லூப்’ என்னும் வகை. மேற்கு ஆஸ்திரேலிய ஊர் ஒன்றின் பெயரைக் கொண்ட இவ்வகை ‘யானினிக்கம்’ என்னும் துணைச் சிற்றினத்தைச் சேர்ந்தது. மண்ணடிக் குளோவரை மூன்று துணைச் சிற்றினங்களாக வகைப்படுத்திய ஆய்வு 1965-இல் வந்தது. அவற்றுள் ஈரநிலத்துக்கு ஏற்றது யானினிக்கம் என்பது நிலைபெற்றது.

நீரைத் தாங்கியமையால் விரும்பப்பட்ட யார்லூப் வேறொரு கேட்டையும் கொண்டிருந்தது. மண்ணடிக் குளோவரை மேய்ந்த ஆடுகள் சினை பிடிக்காமல் போவதை பென்னட்ஸ், அண்டர்வுட், ஷையர் ஆகியோர் 1946-இல் மேற்கு ஆஸ்திரேலியாவிலிருந்து அறிவித்தனர். இது ‘குளோவர் நோய்’ எனப்பட்டது. செடியிலுள்ள ஐசோபிளேவோன்கள், சிறப்பாக பார்மோனோநெட்டின், ஆட்டின் உடலில் பெண்மை இயக்குநீர் போன்று செயற்படும் பொருளாக மாறுவதே காரணம் எனப் பின்னர்த் தெளிவாயிற்று. பார்மோனோநெட்டின் மிகுந்த வகைகளுள் யார்லூப்பும் ஒன்று. நீர்த்தேக்கம் இச்செடியின் வளர்ச்சியையும் ஐசோபிளேவோன் அளவையும் எவ்வாறு பாதிக்கிறது என பிரான்சிஸ், டெவிட் இருவரும் 1969-இல் ஒருசேர ஆராய்ந்தமை, இரு சிக்கல்களும் ஒரே வயலில் பிணைந்திருந்ததைக் காட்டுகிறது. நீரையும் தாங்கி, பார்மோனோநெட்டினும் குறைந்த ‘டிரிக்காலா’ என்னும் வகை 1970-களின் நடுவில் வெளியிடப்பட்டு யார்லூப்பின் இடத்தைப் பெற்றது.

செடியின் நலத்தை மட்டும் அளவுகோலாகக் கொண்ட தேர்வு மந்தையின் நலத்தைக் காணத் தவறக்கூடும் என்பது இந்நிகழ்வு தரும் பாடம். பயறுவகைக்குள்ளேயே, ஏன், ஒரே சிற்றினத்துக்குள்ளேயே நீரைத் தாங்கும் திறன் வேறுபடுகிறது என்பதையும் இது முன்கூட்டியே உணர்த்தியது.

6. தண்டில் தோன்றிய முடிச்சு

1928-இல் டென்மார்க்கு நாட்டுத் தாவரவியலாளர் ஹாகெரூப், நெட்டி இனத்து ஈரநிலச் செடி ஒன்றின் தண்டில் நுண்ணுயிரி முடிச்சுகள் இருப்பதைத் தம் தாய்மொழியில் எழுதி வெளியிட்டார். 1954-இல் இந்தியாவில் அரோரா, நெட்டியின் உறவுச்செடியாகிய ‘எஸ்கினோமினே இண்டிகா’வில் வேர்முடிச்சும் தண்டுமுடிச்சும் வளரும் முறையை உருவியல் நோக்கில் விளக்கினார். இவ்விரு கட்டுரைகளும் வெளிவந்த பின்னரும் தண்டுமுடிச்சு ஓர் அரிய விந்தையாகவே நெடுங்காலம் கருதப்பட்டது. முடிச்சு பற்றிய உடலியங்கியல் ஆய்வு குளோவர், பட்டாணி, சோயா ஆகியவற்றைச் சுற்றியே நடந்தது. ஜப்பானில் யாத்தசாவாவும் யோஷிதாவும் 1979-இல் மீண்டும் இதே செடியின் தண்டுமுடிச்சு குறித்து எழுதினர்.

திருப்பம் 1981-இல் நேர்ந்தது. செனகல் நாட்டின் டாக்கர் நகரில் பணியாற்றிய டிரேபஸ், டொமெர்க் ஆகிய பிரெஞ்சு ஆய்வாளர்கள், சகாராவின் தென்விளிம்பில் மழைக்கால நீர்நிலைகளில் வளரும் ‘செஸ்பேனியா ரோஸ்ட்ராட்டா’ என்னும் செடியின் தண்டு நெடுகிலும் நைட்ரஜனை நிலைப்படுத்தும் முடிச்சுகள் இருப்பதை விரிவாக விளக்கினர். இச்செடி அகத்தியின் இனத்தைச் சேர்ந்தது. அதன் தண்டில் வேர்முளைகள் வரிசையாக உறங்குநிலையில் உள்ளன. அவை தண்டின் தோலைப் பிளக்கும் இடத்தில் நுண்ணுயிரி நுழைகிறது; அங்கே முடிச்சு உருவாகிறது. நீர்மட்டத்துக்கு மேலேயுள்ள முடிச்சுக்குக் காற்று நேராகக் கிடைக்கிறது. முடிச்சின் புறப்பகுதியில் பசுங்கணிகங்களும் உள்ளன.

இச்செடியில் வாழும் நுண்ணுயிரி முந்தைய ரைசோபியங்களிலிருந்து வேறுபட்டதாகையால் 1988-இல் ‘அசோரைசோபியம் காலினோடன்ஸ்’ எனத் தனிப்பேரினப் பெயர் பெற்றது. செடியின் துணையின்றியும் குறைந்த ஆக்சிஜனில் காற்று நைட்ரஜனைக் கொண்டே வளரும் திறன் இதற்கு உண்டு.

நீரில் மூழ்கிய வேரிலும் இச்செடி முடிச்சிடுகிறது என்பது மேலும் வியப்புக்குரியது. மேட்டுநிலப் பயறினங்களில் நுண்ணுயிரி வேர்த்தூவி வழியாக நுழைகிறது. எத்திலீன் அவ்வழியை அடைக்கிறது. நீரில் நிற்கும் ரோஸ்ட்ராட்டாவிலோ பக்கவேர் வெளிப்படும் இடத்திலுள்ள வெடிப்பு நுழைவாயிலாகிறது. இந்நுழைவுக்கு எத்திலீன் தடையாக இல்லை என்பதோடு தேவையாகவும் உள்ளது என்பதை 2003, 2004 ஆகிய ஆண்டுகளில் பெல்ஜியத்தின் கெண்ட் நகர ஆய்வுக்குழுவினர் நிறுவினர். காற்றோட்டமுள்ள மண்ணில் இதே செடி வேர்த்தூவி வழியையும் பயன்படுத்துகிறது. குளோவருக்கு வழியை மூடும் அதே வளிமம் ஈரநிலச் செடிக்கு வழியைத் திறக்கிறது என்னும் இக்கண்டுபிடிப்பு, நீர்த்தேக்கம் பற்றிய பழைய பொதுவிதியை ஒரு தனிவகையின் விதியாகச் சுருக்கிவிட்டது.

நெட்டி இனமும் தன் பங்குக்கு ஒரு விதியைத் தளர்த்தியது. செடிக்கும் நுண்ணுயிரிக்கும் உறவு தொடங்க ‘நாட்’ மரபணுக்கள் தரும் குறிப்புப் பொருள் இன்றியமையாதது எனக் கருதப்பட்டு வந்தது. நெட்டி இனச் செடிகளில் முடிச்சிடும் ஒளிச்சேர்க்கை வல்ல சில நுண்ணுயிரிகளிடம் அம்மரபணுக்களின் அடிப்படைத் தொகுதியே இல்லை என ஜிரோ முதலியோர் 2007-இல் காட்டினர்.

இப்பார்வை மாற்றம் தீவனச் செடிகளின் ஆய்விலும் எதிரொலித்தது. வெள்ளைக் குளோவர் தொடக்கத்தில் நீர்த்தேக்கத்தால் பாதிக்கப்பட்டாலும், வாரக்கணக்கில் நீரில் நின்றபின் முடிச்சின் அமைப்பை மாற்றிக்கொண்டு இணங்குவது 1995-இல் வெளியான ஆய்வால் தெரியவந்தது. ஈரமான அமிலநிலங்களுக்குரிய தீவனமான ‘லோட்டஸ் உலிஜினோசஸ்’ வெள்ளத்திலும் முடிச்சிடும் முறையை ஜேம்ஸ், ஸ்பிரென்ட் இருவரும் 1999-இல் விளக்கினர். மேட்டுநிலச் செடிகளின் சேதத்தை அளந்தவர்களுள் ஒருவரே ஈரநிலச் செடிகளின் இசைவை ஆராய்ந்தமை இத்துறையின் நகர்வைத் தெளிவாகக் காட்டுகிறது.

7. தமிழ் நிலத்தின் சான்றுகள்

இவ்வாய்வுகளின் மையமாக அமைந்த இனங்கள் தமிழகத்துக்குப் புதியன அல்ல. குளங்களிலும் ஏரிகளிலும் வளரும் நெட்டியின் வெண்மையான தண்டுச்சோற்றைச் சீவித் தஞ்சைக் கைவினைஞர் கோயில் உருவங்களைச் செய்கின்றனர். மாட்டுப்பொங்கலுக்குக் கால்நடைகளுக்கு அணிவிக்கும் நெட்டிமாலையும் அதனால் ஆனதே. தஞ்சாவூர் நெட்டி வேலைப்பாடு 2020-இல் புவிசார் குறியீடு பெற்றது. கைவினைக்கு ஏற்ற மென்மையும் இலேசும் செடிக்கு வாய்த்தது நீரில் வாழும் வாழ்க்கையால் ஆகும்.

தக்கைப்பூண்டு என்னும் பெயரும் நோக்கத்தக்கது. நீரில் நிற்கும்போது இச்செடியின் அடித்தண்டு பருத்து, காற்றறைகள் நிறைந்த வெண்ணிறத் திசுவால் சூழப்படுகிறது. தண்டின் மேற்பகுதியிலிருந்து வேருக்கும் வேர்முடிச்சுக்கும் காற்று இறங்கும் வழி இத்திசுவே. மிதக்கும் இயல்புடைய இலேசான பொருளைத் ‘தக்கை’ என்பது தமிழ் வழக்கு. பெயரிட்டோர் காற்றறைத் திசுவின் பணியை அறிந்திருந்தனர் என்று இதனைக்கொண்டு கூற இயலாது. ஆனால் செடியின் இந்த உறுப்பியல்பு அவர்களுக்குப் புலப்பட்டிருந்தது எனக் கொள்வதற்கு இடமுண்டு.

பயன்பாட்டு வழக்கிலும் இத்தகைய பகுப்பு உள்ளது. பசுந்தாள் உரச் செடிகளுள் கொளுஞ்சி நீர் தேங்காத இலகுவான நிலத்துக்கு உரியது. நீர் தேங்கும் நிலத்துக்கும் களர் நிலத்துக்கும் தக்கைப்பூண்டு உரியது. நெல் நடவுக்கு முன் விதைத்து 40 முதல் 45 நாளில் பூக்கும் பருவத்தில் மடக்கி உழுவர். வெற்றிலைக் கொடிக்கால்களில் வாய்க்கால் ஈரத்தில் நின்று கொடிக்குக் கொழுகொம்பாகும் அகத்தியின் தழை ஆடுமாடுகளுக்குத் தீவனமாகிறது. எச்செடி எந்நிலத்துக்கு என்னும் கேள்வியை வேளாண் வழக்கு இவ்வாறு தனித்தனியே தீர்த்து வைத்திருந்தது.

செனகலில் ஆராயப்பட்ட ரோஸ்ட்ராட்டாவும் பின்னர்த் தமிழகத்துக்கு வந்து ‘மணிலா அகத்தி’ என்னும் பெயரில் பசுந்தாள் உரமாக அறிமுகமாயிற்று. எனினும் அது தக்கைப்பூண்டை அகற்றி அவ்விடத்தைப் பெறவில்லை. பகல் குறுகிய பருவத்தில் விரைவில் பூத்துவிடுவதால் அதன் தழை குறைகிறது. பசுந்தாள் உரத்துக்கென நிலத்தையும் நீரையும் ஒன்றரை மாதம் ஒதுக்குதல் வேண்டும். யூரியா மூட்டைக்கு அத்தகைய காத்திருப்பு இல்லை. தண்டுமுடிச்சின் திறன் ஆய்வில் உறுதிப்பட்ட அளவுக்கு வயலில் பரவாமைக்கு இவை காரணங்களாகும்.

8. முடிவுரை

மேற்கண்டவற்றால் பின்வரும் முடிவுகள் பெறப்படுகின்றன.

நீர்தேங்கிய மண் பயறினங்களின் நைட்ரஜன் நிலைப்படுத்தலைக் குறைப்பது ஆக்சிஜன் வரவு தடைபடுவதாலும் எத்திலீன் தங்குவதாலும் ஆகும். இது மேட்டுநிலச் செடிகளைக் கொண்டு கண்ட உண்மை. அவற்றுக்கு இன்றும் பொருந்துவது.

ஈரநிலச் செடிகள் முடிச்சைத் தண்டுக்கு உயர்த்துதல், காற்றறைத் திசுவை உண்டாக்குதல், நுண்ணுயிரி நுழையும் வழியை மாற்றுதல் ஆகிய மூவகையால் அதே சூழலில் நிலைப்படுத்தலைத் தொடர்கின்றன. 1928-இலேயே தண்டுமுடிச்சு பதிவான போதும், அது உடலியங்கியல் ஆய்வின் மையத்துக்கு வர 1981 வரை காத்திருக்க நேர்ந்தது. சுட்ட மண்ணைக் கொண்டு சோதித்த ரோத்தம்ஸ்டெட் அறிஞர்களுக்கு முடிச்சின் பணி மறைந்திருந்தது போல, மேட்டுநிலப் பயிரையே சோதித்தவர்களுக்கு ஈரநிலச் செடியின் இயல்பு மறைந்திருந்தது. எச்செடியிடம் வினவினர் என்பதைப் பொறுத்தே விடை அமைந்தது.

யார்லூப் குளோவரின் வரலாறு, நீரைத் தாங்கும் திறனை மட்டும் கொண்டு தீவனச் செடியைத் தேர்தல் போதாது என எச்சரிக்கிறது. மணிலா அகத்தியின் வரலாறு, உயிரியல் திறன் மிக்க செடியும் உழவரின் பருவத்துக்கும் செலவுக்கும் இசையாவிடில் வயலில் நிலைபெறாது எனக் காட்டுகிறது. நீர் வடியாத நிலங்களுக்குத் தீவனப் பயறு தேடுவோர் செடி, மந்தை, உழவு ஆகிய மூன்றையும் ஒருங்கே நோக்க வேண்டும். அத்தேடலைக் குளத்தோர நெட்டியிலிருந்தும் வயலோரத் தக்கைப்பூண்டிலிருந்தும் தொடங்குதல் பயன் தரும்.